போரோபுதூர்: மேலே ஏற ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எதைப் பார்ப்பது?

நடைவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக ஜாவாவில் யோக்யகர்த்தா வரை போகிறேன். நடுவில் ஒரே ஒரு நாள் ஓய்வு. அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில்தான் போரோபுதூர் என்ற பழைய பௌத்தக் கோயில் என்பதால், அதைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

குழப்பம் சீட்டில்தான். வளாகத்துக்கு மட்டும் ஒன்று, கோயில்மீது ஏற இன்னொன்று என்று இருவகை இருக்கிறதாம். ஏறுவதற்கு நேரம் குறித்துக் கொடுப்பார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும், சுமார் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணமும் அதிகம். கீழே நின்று பார்த்தாலே போதுமா, காசு கொடுத்து ஏறத்தான் வேண்டுமா? எனக்குப் பௌத்தம் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்ததுக்கு மேல் ஒன்றும் தெரியாது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
ஏற வேண்டாம் என்பது என் கட்சி. நான் ஏறினேன். வழிகாட்டி கிழக்குப் படிக்கட்டில் விறுவிறுவென்று மேலே கூட்டிப் போனார். மணி வடிவத் தூபிகள், பின்னால் மலை, ஆளுக்குப் பத்துப் படம். இறங்கியாகிவிட்டது. வெயிலில் கருங்கல் தகிக்கிறது, நிழல் என்று ஒரு சாண் கிடையாது. வெளியே வரும் வழியில் கடை, கடை, கடை. அதைத் தாண்ட ஆன நேரம் கோயிலில் இருந்த நேரத்தை விட அதிகம் போலிருந்தது.

அதற்குப் பதில் விடியற்காலையில் புந்துக் செத்தும்பு குன்றுக்குப் போய்விடுங்கள். பனிமூட்டத்துக்கு நடுவே கோயில் சின்னதாகத் தெரியும், பின்னால் மெராப்பி எரிமலை. செலவும் குறைவு, மனதில் நிற்பதும் அதுதான்.

கல்தச்சன்:
மழைக்குருவி சொல்வது பொய்யில்லை. ஆனால் நேரே உச்சிக்குப் போய்ப் படம் எடுத்து இறங்குவது, ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு நன்றாக இல்லை என்பது மாதிரி.

இந்தக் கோயிலின் அமைப்பே வேறு. உள்ளே கருவறை இல்லை. நுழைய ஒரு கதவுகூட இல்லை. இயற்கையான ஒரு மேட்டைச் சுற்றிக் கல்லால் போர்த்தியிருக்கிறார்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கல். நம் கோயில்களில் பிரகாரம் சுற்றிவிட்டு உள்ளே சாமியைப் பார்ப்போம். இங்கே பிரகாரம்தான் கோயில். சுற்றாமல் வந்தால் கோயிலுக்குப் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

எட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலுமாகச் ஜாவாவை ஆண்ட சைலேந்திர அரசர்கள் காலத்தில் எழுந்தது. கீழே ஆறு சதுரத் தளங்கள், மேலே மூன்று வட்டத் தளங்கள், உச்சியில் பெரிய தூபி. சதுரத் தளங்களில் நான்கு பிரகாரங்கள் ஓடுகின்றன. இரு பக்கமும் சுவர், சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம். மொத்தம் 2,672 பலகைகள், அவற்றில் 1,460 கதை சொல்பவை. எல்லாவற்றையும் வரிசை தவறாமல் பார்க்க வேண்டுமானால் முதல் பிரகாரத்தை நான்கு முறையும் மற்ற மூன்றை இரண்டிரண்டு முறையும், ஆகப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும்!

அதைவிட முக்கியம், அந்தப் பிரகாரங்களில் நடக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. கைப்பிடிச் சுவர் தலைக்கு மேல் இருக்கும். மூலைக்கு மூலை மடித்து மடித்துக் கட்டியிருப்பதால் முன்னால் பத்தடிதான் கண்ணுக்கு எட்டும். அப்படியே நான்கு தளம் சுற்றி ஏறி வட்டத் தளத்தில் கால் வைத்தால் சட்டென்று சுவர் போய்விடும். சிற்பம் இல்லை, கதை இல்லை. வானம், மலை, 72 தூபிகள், அவற்றுக்குள் கண்ணுக்குப் பாதி தெரிந்தும் தெரியாமலும் உட்கார்ந்திருக்கும் புத்தர்கள். இந்தத் திருப்பத்துக்காகத்தான் கீழே அவ்வளவு நேரம் அடைத்து வைத்தார்கள். படிக்கட்டில் நேராக ஏறினவருக்கு இது கிடைக்காது. மழைக்குருவிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

ஒரு மணி நேரத்தில் பத்துச் சுற்று நடக்காது. ஒரே ஒரு சுற்று, முதல் பிரகாரம், நிதானமாகப் போங்கள். மீதி நேரத்துக்கு மேலே. சீட்டு வாங்கி ஏறுங்கள்.

மழைக்குருவி:
ஐயா, புத்தகம் படிக்கத் தெரிந்தவருக்குத்தானே பக்கம் புரட்டுகிற சுகம்? எனக்கு அந்தச் சிற்பமெல்லாம் ஒரே மாதிரி. கிரீடம் வைத்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் பத்துப் பேர் கும்பிடுகிறார்கள். அடுத்த பலகையிலும் அதே. யார் ராஜா, யார் போதிசத்துவர் (புத்தராகும் வழியில் இருப்பவர்), யார் தேவர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நடைவண்டியும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதானே எழுதியிருக்கிறார்.

கல்தச்சன்:
நியாயமான கேள்வி. முதல் தடவை நானும் முழித்தேன். அதனால் முழுக் கதையையும் விட்டுவிட்டு நாலு அடையாளம் மட்டும் சொல்கிறேன்.

கிழக்கு வாசலில் தொடங்குங்கள். கட்டடம் எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது நுழைந்ததும் இடப்புறம் திரும்பி நடக்க வேண்டும். நம் வழக்கப்படி வலம்தான். உள்சுவரில் இரண்டு வரிசை இருக்கும். மேல் வரிசையில் 120 பலகைகளில் புத்தரின் வாழ்க்கை, லலிதவிஸ்தரம் என்ற சமஸ்கிருத நூல் சொல்கிற வரிசையில். நான்கு படிக்கட்டுகளும் கதையை ஏறக்குறையக் கால் காலாகப் பிரித்துவிடுகின்றன. கிழக்கிலிருந்து தெற்குப் படி வருவதற்குள் புத்தரின் தாய் மாயாதேவி யானைக் கனவு கண்டு பிள்ளையும் பிறந்துவிடும். மேற்குப் படியைத் தாண்டியதும் சித்தார்த்தர் அரண்மனையை விட்டுக் கிளம்பித் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வார். வடக்குப் படியைத் தாண்டியதும், அவர் தவத்தைக் கலைக்க வரும் மாரனின் படை அம்பும் கல்லும் வீசும். திரும்பக் கிழக்குக்கு வரும்போது காசிக்கு அருகே முதல் உபதேசம். அதோடு கதை நிற்கிறது. பரிநிர்வாணம், அதாவது புத்தரின் மறைவு, அங்கே கிடையாது. முதல் பேச்சோடு நிறுத்தியவர்களின் துணிச்சலை நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

கீழ் வரிசையில் வேறு கதைகள். வடக்குப் படிக்குச் சற்று முன்னால் குனிந்து பாருங்கள், பாய் விரித்த பெரிய கப்பல் ஒன்று இருக்கும்.

அப்புறம், மாடங்களில் இருக்கும் புத்தர்களின் கையைக் கவனியுங்கள். கீழ் நான்கு வரிசைகளில் திசைக்கு ஒரு முத்திரை. கிழக்கே பூமியைத் தொடும் கை, தெற்கே வரம், மேற்கே தியானம், வடக்கே அபயம். இது தெரிந்தால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று திசைகாட்டியே வேண்டாம். மொத்தம் 504 புத்தர்கள், பாதிக்கு மேல் உடைந்தவை, பெரும்பாலும் தலை இல்லாதவை. 43 சிலைகள் இடத்திலேயே இல்லை. 1896இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசர் சூளாலங்கோர்ன் வந்தபோது, அன்று ஜாவாவை ஆண்ட டச்சு அரசு எட்டு வண்டிச் சிற்பங்களை அன்பளிப்பாக அள்ளிக் கொடுத்தது. அவற்றில் சில இன்றும் பாங்காக்கில் இருக்கின்றன.

பனையோலை:
இத்தனை பேசுகிறீர்கள், மணிமேகலையை ஒருவரும் சொல்லவில்லையே? அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன் மறுபிறவியில் சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறந்து நாகபுரத்திலிருந்து ஆள்கிறான். மணிமேகலை வான்வழியே அங்கே போய் அவனைச் சந்திக்கிறாள். சாவகம் என்றால் ஜாவா. நம் காப்பியத்தில் வருகிற பௌத்த நாடுதான் போரோபுதூரைக் கட்டியது. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் பெருமையாக இருக்கும்.

கடலோடி:
பனையோலை, காப்பியத்தில் சாவகம் வருவது சரி. ஆனால் அது இன்றைய ஜாவாத் தீவுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா என்றெல்லாம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பெயர் ஒலியை வைத்துக்கொண்டு கோயிலையே நம் கணக்கில் எழுதுவது கொஞ்சம் அதிகம். கட்டியவர்கள் ஜாவாக்காரர்கள். முகங்கள், வீடுகள், மரங்கள், பாத்திரங்கள், படகுகள் எல்லாம் அந்த மண்ணுடையவை. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம்.

தமிழ்த் தொடர்பு வேண்டுமென்றால் இதைவிட உறுதியானது சுவரிலேயே இருக்கிறது. இரண்டாம் பிரகாரத்திலிருந்து மேலே போகப் போகக் கண்டவியூகம் என்ற பௌத்த நூலின் கதை. 460 பலகைகள். சுதனன் என்கிற இளைஞன் ஞானம் தேடி ஆசிரியர் ஆசிரியராகப் போகிறான். துறவி, வணிகர், மாலுமி, அரசன், சிறுவன், சிறுமி என்று யாரிடம் வேண்டுமானாலும் போய்ப் பணிந்து கேட்கிறான். தெற்கே வரும்போது வஜ்ரபுரம் என்ற ஊரில் மேகன் என்ற ஆசிரியரைப் பார்க்கிறான். நூல் அவரைத் திராவிடர் என்று சொல்கிறது. எழுத்தும் மொழியும் கற்பிப்பவர். சிங்காதனத்தில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வந்த பையன் ஞானத்தை நாடி நிற்கிறான் என்று தெரிந்ததும் எழுந்து இறங்கி அவன் காலில் விழுகிறார். வாத்தியார் மாணவன் காலில்! ஊர் எது என்று நிறுவ முடியாவிட்டால் என்ன, அந்தக் காட்சி ஒன்று போதாதா?

இன்னொன்று லைடன் செப்பேடு என்கிற சோழர் காலச் செப்பேடு. கிடாரத்து (கடாரம்) அரசன் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எடுக்கிறான். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுக்கிறான். அந்த அரசன் சைலேந்திர வம்சம் என்று செப்பேடே சொல்கிறது. போரோபுதூருக்கு இரண்டு நூற்றாண்டு பிந்திய கதை, வேறு நாட்டை ஆண்டவர்கள், ஆனாலும் அதே குடிப்பெயர்.

கல்தச்சன் ஐயா சொன்ன கப்பலுக்கு ஒரு பின்கதை உண்டு. இரு பக்கமும் மிதவைக் கட்டை வைத்த அந்த வடிவத்தைப் பார்த்து நிஜமாகவே ஒரு கப்பல் கட்டினார்கள். 2003இல் ஜகார்த்தாவிலிருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி 2004இல் கானா போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பல் கோயில் வளாகத்திலேயே சமுத்ர ரக்ஷா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறும் நேரத்துக்காகக் காத்திருக்கும்போது பார்த்துவிடலாம்.

கண்ணம்மா:
நான் அம்மாவோடு போனேன், அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் என் அறிவுரை எல்லாம் காலைச் சுற்றித்தான்.

சொந்தச் செருப்போடு ஏற விடமாட்டார்கள். தாழை வகை ஓலையில் பின்னிய செருப்பு ஒன்று பையில் போட்டுத் தருகிறார்கள், பெயர் உபானத். ஆம், நம் 'பாதரட்சை' மாதிரியே பழைய சமஸ்கிருதச் சொல். அங்கே சிற்பத்தில் இருக்கும் செருப்பைப் பார்த்து வடிவமைத்தது, அக்கம்பக்கத்துக் கிராமத்தார் பின்னுவது. லட்சக்கணக்கான பூட்ஸ் கால்கள் படிகளைத் தேய்த்துவிட்டதால் வந்த ஏற்பாடு. நாங்கள் போனபோது ஒரு நாளைக்கு 1,200 பேர் என்று எண்ணிக்கையையும் வரையறுத்திருந்தார்கள். அதனால் வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், இணையத்திலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள். அப்போது திங்கட்கிழமை மேலே ஏற அனுமதி இல்லை. உங்கள் ஒரு நாள் ஓய்வு திங்களில் விழுந்தால் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படிகள் உயரம், சீரற்றவை. அம்மா முதல் பிரகாரம் வரை வந்து அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டார். கல்தச்சன் ஐயா சொல்வதைப் பார்த்தால் அவர்தான் கோயிலைச் சரியாகப் பார்த்தவர்! தோளும் முழங்காலும் மூடுகிற பருத்தித் துணி, தொப்பி, தண்ணீர். காலை முதல் நேரத்தையே எடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்லின் மேல் அப்பளம் பொரிக்கலாம்.

திரும்பும்போது மெண்டுத் கோயிலை விட்டுவிடாதீர்கள். கிழக்கே சுமார் 3 கி.மீ. வெளியே சின்னக் கட்டடம்தான். உள்ளே இருட்டில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரப் புத்தர், சம்மணம் போடாமல் நாற்காலியில் உட்காருவது போலக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரு பக்கமும் போதிசத்துவர்கள். போரோபுதூரில் இல்லாத கருவறை அங்கே இருக்கிறது. அம்மா கைகூப்பியது அங்கேதான். மெண்டுத், நடுவில் பாவோன் என்ற சின்னக் கோயில், அப்புறம் போரோபுதூர், மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில். வைசாக பௌர்ணமிக்கு மெண்டுத்திலிருந்துதான் ஊர்வலம் கிளம்பும்.

சுண்டைக்காய்:
தூபித் துளைக்குள் கையை விட்டுப் புத்தரைத் தொட்டால் நினைத்தது நடக்கும் என்கிறார்களே, தொட்டீர்களா யாராவது?

கல்தச்சன்:
தொடாதீர்கள். குந்தோ பீமோ என்று அதற்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். எட்டிப் பிடிக்கிறேன் என்று தூபிமேல் சாய்ந்து ஏறினவர்களால் வந்த தேய்மானம் கொஞ்சநஞ்சமில்லை. 1985 ஜனவரியில் குண்டு வைத்து ஒன்பது தூபிகளைச் சேதப்படுத்தினார்கள். 2010இல் மெராப்பி வெடித்துச் சாம்பல் மழை பெய்தபோது ஒவ்வொரு இடுக்கிலும் சாம்பலைக் கையால் கூட்டி எடுத்தார்கள். அதற்கெல்லாம் முன்பு, 1975 முதல் 1982 வரை யுனெஸ்கோ உதவியோடு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கற்களைக் கழற்றி, எண் போட்டு, கழுவி, அடியில் வடிகால் வைத்து மறுபடி அடுக்கினார்கள். மழைநீர் உள்ளே இறங்கி மேட்டு மண்ணைக் கரைத்ததுதான் பிரச்சினையே. அத்தனையும் தாங்கிய கல் நம் ஆசீர்வாத ஆசையால் தேய வேண்டாம்.

சுண்டைக்காய்:
சரி ஐயா, கை கட்டிக்கொண்டேன். அங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமா?

மட்டுறுத்துநர்:
தெம்பே, தோஃபு, பலாக்காய் கூதெக் என்று ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது. இங்கே கோயில் மட்டும்.

நடைவண்டி:
போய் வந்துவிட்டேன். கடமைக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் நேரம் கிடைத்தது. குழுவில் பத்துப் பேருக்கும் குறைவு. வழிகாட்டி வழக்கம்போல் மேலே கையைக் காட்டினார். முதல் பிரகாரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல இருந்தது. குழுவில் இருவருக்கு அதில் விருப்பமில்லை, முணுமுணுத்தார்கள். கடைசியில் பாதிச் சுற்று என்று பேரம் முடிந்தது. ஆகவே எனக்குப் பிறப்பும் துறவும் கிடைத்தன. மாரனையும் காசியையும் பார்க்கவில்லை. கப்பலும் போச்சு! அருங்காட்சியகத்தில் நிஜக் கப்பலைப் பார்த்துச் சமாதானம் செய்துகொண்டேன்.

முடி வெட்டிக்கொள்ளும் பலகையை நானே கண்டுபிடித்தேன். மேற்குப் படி தாண்டி எண்ணிக்கொண்டே போனேன். ஒரு கையில் கூந்தல், சுற்றிலும் தேவர்கள். கல்தச்சன் ஐயா, ஒரு பலகையை அடையாளம் தெரிந்து பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை. மேலே வட்டத் தளத்துக்கு வந்தபோது நீங்கள் சொன்ன அந்தத் திருப்பம் பாதிதான் கிடைத்தது. பாதிதானே சுற்றினேன். கீழ் இரண்டு வட்டங்களில் தூபித் துளைகள் சாய்சதுரம், மூன்றாவதில் நேர்ச்சதுரம். உச்சித் தூபியில் துளையே இல்லை. இதை வழிகாட்டி சொன்னார், சொன்னதோடு நிறுத்திவிட்டு எங்களை யோசிக்க விட்டார். நல்ல மனிதர்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. இங்கே யாரும் எழுதாத ஒன்று. இறங்கிய பின் தென்கிழக்கு மூலைக்குக் கூட்டிப் போனார். கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிப் பின்னால் சேர்த்த அகலமான கல் மேடை இருக்கிறது. அதற்குள்ளே மறைந்த பழைய அடித்தளத்தில் 160 சிற்பப் பலகைகள். செய்த வினையும் அதன் பலனும். 1885இல்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்ததாம். 1890-91இல் கற்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புகைப்படம் பிடித்துவிட்டு மறுபடி மூடிவிட்டார்கள். இந்த மூலையில் மட்டும் சில பலகைகள் திறந்திருக்கின்றன. சரிவைத் தடுக்க முட்டுக் கொடுத்தார்கள் என்று ஒரு விளக்கம், முதல் திட்டம் சாத்திர அளவுக்குப் பொருந்தாததால் மாற்றினார்கள் என்று இன்னொன்று.

அந்தப் பலகைகள் சிலவற்றின் மேல் விளிம்பில் பழைய ஜாவா எழுத்தில் ஓரிரு சொற்கள். சிற்பிக்கு மேஸ்திரி எழுதிக் கொடுத்த குறிப்பாம், இங்கே இன்னது செதுக்கு என்று. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டியவை, மேடை வந்து மூடிவிட்டதால் தங்கிவிட்டன. அந்த எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் கோயிலின் காலத்தையே கணித்திருக்கிறார்கள். ஒன்றில் 'விரூப' என்று இருக்கிறது. கீழே கோணல் முகங்கள். நான் அதைப் படித்துக் காட்டச் சொல்லி, நமக்கும் அந்தச் சொல் உண்டு, விகாரமான உருவம் என்றேன். வழிகாட்டி சிரித்தார். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய வேலைச் சீட்டு ஒன்று எனக்கும் புரிகிறது!

ஒரு குறை. ஏற்பாடு செய்த வண்டிக்காரர் மெண்டுத்தும் சேர்த்து என்று பேசிவிட்டுத் திரும்பும்போது நேரமில்லை என்று கையை விரித்துவிட்டார். கண்ணம்மா அக்கா, மன்னிக்கவும். பேசும்போதே மூன்று கோயில் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

மழைக்குருவி:
தென்கிழக்கு மூலை பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லை. அந்த வழியாகத்தான் வெளியே வந்திருப்பேன், கடைகளைப் பார்த்துக்கொண்டு. சரி, தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நடைவண்டி:
குன்றுக்கும் போனேன், சொல்ல மறந்துவிட்டேன். மூட்டம் விலகவே இல்லை. ஒரு மணி நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

கண்ணம்மா:
மெண்டுத் அங்கேயேதான் இருக்கும், அடுத்த முறை பார்க்கலாம். உபானத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா, கொண்டுவந்தீர்களா?

நடைவண்டி:
கொண்டுவந்தேன் அக்கா. வீட்டில் அப்பா போட்டுக்கொண்டு திரிகிறார். இடது கால் வார் இப்போதே பிரிகிறது.